முசிறும் மாவும், யானையும் கேழ்வரகும்: தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தில் உயிர்களின் உறவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், பட்டுப்புழு வளர்ப்பவர்கள், காட்டோரக் கொல்லையில் இரவுக் காவல் இருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை "இது நல்லதா, கெட்டதா?" என்றே முடிகின்றன. ஒரே உயிர் தை மாதத்தில் துணையாகவும் சித்திரையில் தொல்லையாகவும் இருப்பதை இந்த மண்ணில் அடிக்கடி பார்க்கலாம், ஆகவே பல இடங்களில் என் பதில் "எப்போது, யாருக்கு?" என்ற மறுகேள்வியோடுதான் தொடங்கும்.

உயிரினங்களுக்கு இடையே உள்ள உறவுகள் எத்தனை வகைப்படும்?

பாடப்புத்தகங்கள் இவ்வுறவுகளைச் சில பெயர்களால் பிரிக்கின்றன. இரு தரப்பும் பயன் பெறுவது ஒன்று. ஒரு தரப்பு பயன் பெற, மறு தரப்புக்கு லாபமும் நட்டமும் இல்லாதது ஒன்று. ஒன்றின் உடலில் தங்கி மற்றொன்று உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி உறவு ஒன்று. ஒன்றை ஒன்று கொன்று தின்பது ஒன்று. ஒரே உணவுக்கும் இடத்துக்கும் இரண்டும் போட்டியிடுவது மற்றொன்று. இந்தப் பிரிவுகள் பேசுவதற்கு வசதியானவை, கற்றுக்கொள்ள வேண்டியவை. ஆயினும் ஓர் உயிரின் நெற்றியில் இவற்றுள் ஒரு பெயரை நிரந்தரமாக ஒட்டிவிட முடியாது என்பதே நான் சொல்ல விரும்பும் செய்தி. மழை, மண், பருவம், பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதே இரண்டு உயிர்களின் உறவு மாறுகிறது. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் இதைத்தான் காட்டுகின்றன.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசிறு எறும்பை அழிக்க வேண்டுமா, விட்டுவைக்க வேண்டுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தோப்புகளில் இதைவிட அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி வேறில்லை. மாங்காய் பறிக்க ஏறுபவரின் கழுத்திலும் கையிலும் முசிறு கடிக்கும்போது, அதன் நன்மையைப் பற்றி அவரிடம் பேசுவது கடினம் என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அது மரத்தில் என்ன செய்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முசிறு தரையில் புற்று வைப்பதில்லை. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தம் இனத்தின் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் நகர்த்துகின்றன. அந்தப் புழுக்கள் விடும் பட்டு நூல்தான் இலைகளைத் தைக்கிறது. இப்படிக் கட்டப்பட்ட கூடுகள் ஒரு மரத்தில் பலவாகவும், அடுத்தடுத்த மரங்களிலும் பரவியும் ஒரே குடும்பத்துக்கு உரியவையாக இருக்கும். அந்தக் குடும்பம் தன் எல்லைக்குள் வரும் புழு, வண்டு, தத்துப்பூச்சி ஆகியவற்றை வேட்டையாடுகிறது. பழ ஈயும் முசிறு நடமாடும் காயில் முட்டையிடத் தயங்குகிறது. சீனாவில் ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு முன்பே நாரத்தை, ஆரஞ்சு வகைத் தோட்டங்களுக்காக முசிறுக் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் மரத்தின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான நீரைக் கழிக்கின்றன. அந்த இனிப்புக்காக முசிறு அவற்றைக் காவல் காக்கிறது. அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டைத் துரத்துகிறது. எஞ்சிய இனிப்பு இலையில் படிந்தால், அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலைக்கு வெயில் படாமல் மறைக்கிறது. மாமரம் பூத்திருக்கும் காலத்தில் முசிறு பூங்கொத்தில் நின்றால், மகரந்தம் சுமக்க வரும் பூச்சிகள் இறங்கத் தயங்குகின்றன. ஆக, காய் பிடித்தபின் அதே முசிறு காவலாள், பூக்கும்போது இடையூறு, மாவுப்பூச்சி மிகுந்த ஆண்டில் எதிரியின் கூட்டாளி. என் கருத்து இதுதான்: தோப்பு முழுவதும் மருந்தடித்து ஒழிப்பதைவிட, மாவுப்பூச்சி ஏறியுள்ள கிளைகளை வெட்டி அகற்றிவிட்டு, மற்ற மரங்களில் முசிறை விட்டுவைப்பது நல்லது. பறிக்கும் மரத்தில் மட்டும் முந்தின நாள் கூடுகளைக் கழித்துக்கொள்ளலாம்.

மாம்பூவுக்குத் தேனீ இருந்தால் போதாதா? ஈக்கள் எதற்கு?

மாம்பூ மிகச் சிறியது. ஒரு கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுள் மிகச் சிலவே காயாகி முதிரும். தேனீக்கு வேறு நல்ல பூக்கள் அருகில் இருந்தால், அது மாம்பூவை இரண்டாம் தேர்வாகவே வைத்துக்கொள்கிறது. மாம்பூவில் பெருமளவு வேலை செய்பவை ஈக்கள்: செத்த விலங்கிலும் கழிவிலும் பெருகும் பச்சை ஈ, நீல ஈ, மிதந்தபடி நிற்கும் பூ ஈ ஆகியவை. பூ ஈயின் புழுக்களில் பல வகைகள் அசுவினியைத் தின்பவை என்பதால், அது தோட்டத்துக்கு இரட்டைப் பயன் தருகிறது. சில நாடுகளில் பூக்கும் பருவத்தில் மாந்தோப்புகளில் மீன், இறைச்சிக் கழிவுகளைத் தொங்கவிட்டு ஈக்களை வரவழைக்கிறார்கள். பூ விரிந்திருக்கும் வாரங்களில் கண்டபடி பூச்சிக்கொல்லி அடிப்பவர்கள், தத்துப்பூச்சியோடு சேர்த்துத் தங்கள் விளைச்சலின் தொடக்கத்தையும் அழிக்கிறார்கள் என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

அத்தி பூப்பதே இல்லை என்கிறார்களே, பிறகு எப்படிக் காய்க்கிறது?

அரிதாக நிகழ்வதை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். உண்மையில் அத்தி ஒவ்வொரு முறை காய்க்கும்போதும் பூக்கிறது. பூக்கள் வெளியே தெரிவதில்லை. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைதான் பூந்தொகுதி. அதன் உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள் நிறைந்திருக்கின்றன. நுனியில் செதில்களால் மூடிய ஒரு சிறு வாயில் உள்ளது.

அந்த வாயில் வழியாகக் கொசுவைவிடச் சிறிய பெண் குளவி ஒன்று நுழைகிறது. வழி அவ்வளவு இறுக்கமானது. பெரும்பாலும் இறகுகளும் உணர்கொம்பின் நுனிகளும் உதிர்ந்தபின்தான் அது உள்ளே சேர்கிறது. தான் பிறந்த மரத்திலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகிறது. முட்டை விழுந்த பூ குளவிக்குத் தொட்டிலாகிறது. முட்டை விழாத பூ விதையாகிறது. வாரங்கள் கழிந்து முதலில் வெளிவருபவை இறகற்ற ஆண் குளவிகள். அவை பெண் குளவிகளோடு கூடி, காயின் சுவரில் துளையிட்டு வழி செய்துவிட்டு மாய்கின்றன. அந்நேரம் முதிர்ந்திருக்கும் ஆண் பூக்களிலிருந்து மகரந்தத்தை எடுத்துக்கொண்டு பெண் குளவிகள் அந்தத் துளை வழியே பறக்கின்றன. ஓரிரு நாள் வாழ்நாளுக்குள் சரியான பருவத்தில் இருக்கும் தன் இன மரத்தை அவை கண்டுபிடித்தாக வேண்டும். காற்றில் ஏறி அவை கடக்கும் தொலைவு வியப்பானது. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் 160 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள அத்தி மரங்களுக்கிடையே கூட மகரந்தம் சென்றிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

உலகில் அத்தி, ஆல், அரசு ஆகியவை சேர்ந்த பேரினத்தில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. ஆலின் குளவியால் அரசுக்குப் பயனில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ முடியாத இந்த உறவிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு: மகரந்தம் எதையும் கொண்டுவராமல், வெளியிலிருந்தே நீண்ட ஊசி போன்ற உறுப்பால் காயைத் துளைத்து முட்டையிட்டுப் போகும் வேறு குளவிகள். "அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்று முகம் சுளிப்பவர்கள், அந்தப் பூச்சிகள் இல்லாமல் அந்த மரத்துக்கு விதையே இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

குளவிக்கு ஆண்டு முழுவதும் காய் தேவைப்படுவதால், ஓர் ஊரின் அத்தி, ஆல மரங்கள் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை. மற்ற மரங்கள் வறண்டு நிற்கும் மாதங்களிலும் ஏதோ ஒரு மரம் பழுத்திருக்கும். பச்சைப்புறா, குக்குறுவான், குயில், பழந்தின்னி வௌவால், குரங்கு என அனைத்தும் அங்கே கூடும். பறவை எச்சத்தில் விழுந்த ஆல விதை பனையின் மட்டை இடுக்கில் முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, நாளடைவில் பனையையே நெருக்கிக் கொல்வதையும் தருமபுரிச் சாலையோரங்களில் பார்க்கலாம். நூறு உயிர்களுக்குச் சோறு போடும் மரம் தான் ஏறிய மரத்துக்கு இப்படி எமனாகிறது.

"கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல" என்ற பழமொழி உண்மையை ஒட்டியதா?

ஒட்டியதுதான், ஆனால் கதை அதைவிடப் பெரியது. நம் நிலத்தில் மண்புற்று எழுப்பும் கறையான்கள் உழவர்கள். அவை கொண்டுவரும் காய்ந்த இலையையும் சுள்ளியையும் அவற்றால் முழுமையாகச் செரிக்க இயலாது. ஆகவே புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற தட்டுகளாக அவற்றை அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை மரநாரை இளக்கித் தர, கறையான் அதையும் பூஞ்சையையும் உண்கிறது. ஈரமும் வெப்பமும் மாறாத வீட்டைப் பூஞ்சைக்குக் கறையான் தருகிறது. ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் வேளாண்மை இது. மழைக்குப்பின் புற்றின் மீதும் அருகிலும் முளைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் பூவைப் போன்றது. அதைப் பறித்துக் குழம்பு வைப்பவர்கள் கறையானின் வயலில் அறுவடை செய்கிறார்கள்.

கைவிடப்பட்ட அல்லது பொந்து விழுந்த புற்றில் பாம்பு தங்குகிறது, உடும்பு முட்டையிடுகிறது. இவற்றால் கறையானுக்குப் பெரிய இழப்பில்லை. கறையானுக்கு உண்மையான பேரிடர் கரடி. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறைக் குன்றுகளில் வாழும் கரடிக்கு மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி இழுக்கிறது. மண் புகாதபடி மூக்குத் துளையையும் மூடிக்கொள்கிறது. அதே கரடி சரக்கொன்றை, இலந்தை ஆகியவற்றின் பழங்களைத் தின்று விதைகளைக் குன்றெங்கும் பரப்புகிறது.

கேழ்வரகுக் கொல்லையில் அவரையும் துவரையும் சால் விட்டு விதைப்பது எதற்காக?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கத்து மானாவாரி நிலங்களில் முன்னோர் விட்டுச்சென்ற மிகச் சிறந்த அறிவுகளுள் இதுவும் ஒன்று. அவரை, துவரை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. செடி தான் வெயிலில் செய்த சர்க்கரையை அவற்றுக்குக் கூலியாகத் தருகிறது. முடிச்சைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது வேலை நடப்பதற்கு அடையாளம். இங்கேயும் உறவு நிலையானதன்று: மண்ணில் யூரியாவை மிகுதியாகக் கொட்டினால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கூலி கொடுக்காமலே சத்து கிடைக்கும்போது வேலையாள் எதற்கு?

துவரையின் ஆழ்வேர் கீழ்மண்ணின் ஈரத்தை இரவில் மேல்மண்ணுக்கு ஏற்றுவதையும், வேர்களோடு கூடி வாழும் பூஞ்சை இழைகள் அந்த ஈரம் கேழ்வரகுக்குச் சேர உதவுவதையும் தொட்டிச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நெருக்கமாக நட்டால் அதே துவரை கேழ்வரகோடு தண்ணீருக்குப் போட்டியிடும். சால்களுக்கு இடையே எத்தனை அடி விடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

சந்தனக் கன்று தனியாக நட்டால் தேறுவதில்லையே, ஏன்?

சந்தனம் அரை ஒட்டுண்ணி. அதற்குப் பச்சை இலை உண்டு, தன் உணவைத் தானே செய்துகொள்ளும். ஆனால் நீரையும் கனிமச் சத்துகளையும் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சு உறுப்பைப் பதித்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நாற்றுப்பையிலேயே ஒரு துவரையையும், நட்ட பின்பு அகத்தி, சவுக்கு போன்ற துணைச்செடியையும் வைக்கிறார்கள். மா, புளி மரங்களில் தொங்கும் புல்லுருவியும் இதே வகைதான். அது வேருக்குப் பதில் கிளையில் பதிகிறது. அதன் பசைமிக்க விதையை மலர்கொத்திக் குருவி கிளையில் தேய்த்துவிட்டுப் போக, அங்கேயே முளைக்கிறது. தோப்பு வைத்திருப்பவர் புல்லுருவி ஏறிய கிளையை வெட்டுவது சரிதான். காட்டில் அதை வெட்ட வேண்டியதில்லை, ஏனெனில் அதன் பூத்தேன் தேன்சிட்டுக்கும், பழம் மலர்கொத்திக்கும் உணவு.

மாவுப்பூச்சியை ஒழித்தது ஒரு குளவி என்பது உண்மையா? குளவி, ஈ வகைகள் பட்டுப்புழுவுக்குக் கெடுதல் அல்லவா?

இரண்டும் உண்மை, இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் பட்டு விவசாயி ஒருவர் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் பிடித்துக்கொண்டது. நம் இரு மாவட்டங்களிலும் மல்பெரி இலையை நம்பிப் பட்டு வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் அந்தக் காலம் பலருக்கும் நினைவிருக்கும். எவ்வளவு மருந்தடித்தும் மெழுகுப் பூச்சுக்குள் இருந்த பூச்சி சாகவில்லை. மருந்து பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழுதான் செத்தது. மாவுப்பூச்சி அதன் தாயகத்தில் இப்படிப் பெருகுவதில்லை, காரணம் அங்கே அதற்கு எதிரி இருக்கிறது. அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, அதன் புழு உள்ளிருந்தே மாவுப்பூச்சியைத் தின்று முடிக்கிறது. 2010இல் இந்தக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. குளவி முற்றாக அழிக்கவில்லை. அழித்திருந்தால் அதற்கே உணவில்லாமல் போயிருக்கும். இரண்டும் சிறிய எண்ணிக்கையில் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன. மருந்தடித்துக் குளவியைக் கொல்லும் இடத்தில் மாவுப்பூச்சி மறுபடியும் தலைதூக்குகிறது.

இனி ஊசி ஈயைப் பார்ப்போம். அது செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். பட்டுப்புழுவின் மேல் முட்டையிடுகிறது. அதன் புழு பட்டுப்புழுவின் உடலைத் துளைத்து உள்ளே சென்று வளர்கிறது. துளைத்த இடத்தில் கரும்புள்ளி தோன்றுகிறது. கூடு கட்டியபின் துளைத்து வெளியேறினால் அந்தக் கூட்டிலிருந்து நூலிழுக்க முடியாது. அந்த ஊசி ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும் நெசோலிங்க்ஸ் தைமஸ் என்னும் மற்றொரு குளவியும் உண்டு. அதைப் பட்டு வளர்ப்பு மனைகளில் விடுகிறார்கள். மல்பெரித் தோட்டத்தில் ஒட்டுண்ணிக் குளவி நமக்குத் துணை. வளர்ப்பு மனைக்குள் ஒட்டுண்ணி ஈ பகை. அந்த ஈயின் ஒட்டுண்ணி மீண்டும் துணை. செயல் மூன்றிலும் ஒன்றே. யாருடைய உடலில் நடக்கிறது என்பது மட்டுமே வேறு.

மாட்டின் பின்னால் நடக்கும் வெண்கொக்கு மாட்டுக்கு உதவுகிறதா?

அது உண்ணிக்கொக்கு. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து எழும் வெட்டுக்கிளியும் பூச்சியும்தான் அதன் முதன்மை இரை. தனியே மேய்வதைவிட மாட்டோடு நடந்தால் குறைந்த உழைப்பில் நிறைய கிடைக்கிறது. இடையிடையே உண்ணி, ஈக்களையும் கொத்துவதால் மாட்டுக்குச் சிறு பயனும் உண்டு. இன்று மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தபோது கொக்கு டிராக்டரின் பின்னால் நடக்கப் பழகிக்கொண்டது.

காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதால் காக்கை இனம் குறையாதா?

குறையவில்லை என்பதை நம் தெருக்களே காட்டுகின்றன. குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்து, குஞ்சு முந்திக்கொண்டு இரை வாங்குகிறது. காக்கைக் குஞ்சுகளில் சில பட்டினியால் இறக்கும், சில பிழைக்கும். வளர்ந்த குயில் வேம்பு, அத்திப் பழங்களைத் தின்று விதை பரப்புகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யானை ஏன் காட்டை விட்டுக் கேழ்வரகுக் கொல்லைக்கு வருகிறது?

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஊர்க்காரர்களுக்கு இது படிப்பறிவுக்கான கேள்வியன்று. உயிரும் ஒரு ஆண்டின் சோறும் சம்பந்தப்பட்டது. மழைக்காலத்துக்குப் பின், கேழ்வரகு கதிர் முற்றும் மாதங்களில், கர்நாடகத்தின் பன்னர்கட்டாப் பக்கமிருந்தும் காவிரிக் காடுகளிலிருந்தும் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. அந்த நேரத்தில் காட்டுப்புல் முற்றி நாராகியிருக்கும். யானையியல் அறிஞர் ராமன் சுகுமார் 1980களில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிகளில் செய்த ஆய்வுகள், கேழ்வரகில் காட்டுப்புல்லைவிடப் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் உப்புச்சத்தும் மிகுதி என்பதையும், வளர்ந்த ஆண் யானைகளே மிக அடிக்கடி கொல்லைக்குள் இறங்குகின்றன என்பதையும் காட்டின. ஓர் இரவில் கிடைக்கும் சத்துக்காகப் பட்டாசையும் மின்வேலியையும் எதிர்கொள்ளும் துணிவு அதற்கு இருக்கிறது.

காட்டுக்குள் அதே யானை செய்யும் வேலை வேறு. நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தின்று, அதில் பாதியளவு செரிக்காமலே வெளியேற்றுகிறது. புளி போன்ற மரங்களின் விதைகள் அந்தச் சாணத்தில் பல கிலோமீட்டர் தள்ளிப்போய் முளைக்கின்றன. சாணவண்டுகள் சாணத்தை உருட்டி மண்ணுக்குள் புதைக்கும்போது விதையும் புதைகிறது. யானை ஒடித்துப்போட்ட மூங்கிலையும் கிளையையும், எட்டாத உயரத்து இலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத மான் தின்கிறது. காட்டுக்கு உழவராக இருக்கும் விலங்கு, கொல்லையில் உழவரின் பகையாகிறது. கொல்லையைப் பறிகொடுத்தவரிடம் யானையின் காட்டுப் பணியைச் சொல்லி ஆறுதல் தேடுவது நியாயமாகாது. அவருக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே நேரம் யானையின் நடைவழி துண்டுபட்டால் கொல்லைச் சேதம் கூடுமே தவிரக் குறையாது. 2014இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டதால், கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம்வரை காடு தொடர்ச்சியாகக் காப்புப் பெற்றிருக்கிறது.

காட்டில் மாடு மேய்வதால் மானுக்குப் புல் குறையுமா?

கோடையில் குறையும், இருவருக்கும் வேண்டியது ஒரே பசும்புல். மழைக்காலத்தில் புல் மிகுந்திருக்கும்போது போட்டி பெரிதாகத் தெரிவதில்லை. ஆலம்பாடி மாட்டினம் இந்தக் காட்டோரங்களில் மேய்ந்தே உருவானது என்பதை மறக்கக்கூடாது. நான் மிகவும் அஞ்சுவது புல் போட்டியைவிடக் கோமாரி நோயை. மாட்டிலிருந்து காட்டு விலங்குக்கு அது தாவும். ஆகவே காட்டோர மாடுகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவது மானுக்கும் செய்யும் உதவியாகும்.

உண்ணிச்செடியிலும் பறவைகள் பழம் தின்கின்றனவே, அதை ஏன் அகற்றச் சொல்கிறார்கள்?

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக வந்தது உண்ணிச்செடி. பட்டாம்பூச்சிக்குத் தேனும் கொண்டைக்குருவிக்குப் பழமும் தருகிறது என்பது மெய்யே. அந்தக் குருவிதான் அதைக் காடெங்கும் விதைத்தது. அடர்ந்த புதராக அது மூடியபின் அதன் அடியில் புல் வளர்வதில்லை. மானும் யானையும் மேய இடமின்றிப் போகின்றன. காய்ந்தால் தீ எளிதில் ஏறுகிறது. ஒரு குருவிக்குக் கிடைத்த விருந்து, ஒரு மந்தைக்குப் பசியாகிறது. வெட்டினால் மட்டும் போதாது. வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நாட்டுப்புல் வரும்வரை கவனிக்க வேண்டும். இல்லையேல் அடுத்த மழைக்கு அது மீண்டும் அங்கேயே நிற்கும்.

ஒகேனக்கல் ஆற்றங்கரையில் நீர்மருதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

அம்மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இடத்தில்தான் சாம்பல் நிற மலை அணில் தரையிறங்காமல் மரம் விட்டு மரம் தாவிக் கூடு கட்டி வாழ முடிகிறது. நடுவில் நாலு மரம் போனால், அதன் பாதை முறிந்துவிடும். கரையின் அத்திப் பழம் ஆற்றில் விழுந்தால் பெருங்கெண்டை மீன்கள் தின்கின்றன. அந்த மீனை நீர்நாய் தின்கிறது. பாறைமேல் வெயில் காயும் முதலையும் அதே மீனுக்குக் காத்திருக்கிறது. வலை வீசுபவருக்கு நீர்நாய் போட்டியாளராகத் தெரிவது இயல்பு. ஆனால் கரைமரம் சரிந்து, நிழலும் பழமும் இல்லாத ஆற்றில் இருவருக்கும் மீன் குறையும்.

ஓர் இனம் இல்லாமல் போனால் மற்றவை சமாளித்துக்கொள்ளாதா?

சில சமயம் சமாளிக்கும். சில சமயம் யாராலும் ஈடுசெய்ய முடியாது. இதற்கு நம் காலத்திலேயே நடந்த சான்று பாறு கழுகு. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. காரணம் வேட்டையன்று, மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து. அந்த மாடு இறந்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. அதற்குள் பிணத்தைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிய கூட்டம் போய்விட்டது. அதன் இடத்துக்குத் தெருநாய்கள் வந்தன. நாய் பிணத்தைத் தின்னுமே தவிர, கழுகைப் போல விரைவாகவும் தூய்மையாகவும் முடிக்காது. வெறிநோயையும் கூடவே கொண்டுவரும். தமிழ்நாட்டில் இன்று பாறுகள் முதன்மையாக நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கை அண்டியே எஞ்சியிருக்கின்றன. மாட்டுக்கு ஊசி போடும்போது அது என்ன மருந்து என்று கால்நடை மருத்துவரிடம் கேட்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும்.

மாணவர்கள் இவற்றைத் தாமே பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

காட்டுக்குள் போக வேண்டியதில்லை. பள்ளிக்கோ வீட்டுக்கோ அருகில் ஓர் அத்தி மரத்தையோ ஆலமரத்தையோ தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை காலையில் அரை மணி நேரம் அதன் அடியில் உட்காருங்கள். காய் எந்த நிறத்தில் இருக்கிறது, எந்தப் பறவை வந்தது, எறும்பு எந்தக் கிளையில் ஏறியது, மழை பெய்ததா என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பச்சையாக இருக்கும்போதே ஒரு காயை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், உட்சுவரில் பூக்கள் தெரியும். பழுக்கும் தறுவாயில் உள்ள காயொன்றைக் காலையில் மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்துவைத்தால், மாலைக்குள் குளவிகள் வெளிவந்து துணியில் ஊர்வதைப் பார்க்க வாய்ப்புண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். அவற்றுக்கு ஓரிரு நாள்தான் இருக்கிறது.